பணிஸ் என்ற பூனைக்குட்டி

சமாதானப் பேச்சு குழம்பி, திருகோணமலையில் இராணுவச் சுற்றிவளைப்புகள் மறுபடியும் தொடங்கியிருந்த காலம். கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்த நான், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்தேன்.

கட்டாரில் எங்கள் அறையில் ஒரு பூனைக்குட்டி வளர்ந்தது. செம்மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் வரி. பேக்கரியில் சுட்ட பணிஸ் ரொட்டி மாதிரி இருந்ததால் பணிஸ் என்றே கூப்பிட்டோம். அது வாகனத்தில் அடிபட்டுச் செத்தபோது, கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் அதன் முகத்தை என் முன்னங்கையில் வர்ணத்தில் பச்சை குத்திவிட்டார். ஊருக்கு வந்ததும் பூனையின் படத்தையும் என் கையின் படத்தையும் பூனைப் பிரியர்களின் இணையத்தளம் ஒன்றில் போட்டேன். எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாம் கொஞ்சிக் கொஞ்சி எழுதினார்கள். படங்களை ஏற்றித் தந்தவர், டவுனில் இன்டர்நெட் கடை நடத்திய, நான் தங்கச்சி என்று கூப்பிடும் கிண்ணியாப் பெண்.

ஒரு நாள் காலையில் எங்கள் பகுதி ஆண்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். என் கையைப் பார்த்த சிப்பாய் "கொட்டியா!" என்று கத்தினான். புலி என்கிறான். பூனை, பூனை என்று நான் சொன்னதெல்லாம் அடியில் அடங்கிப்போனது.

முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் போட்டார்கள். பக்கத்தில் சாம்பல்தீவுக் கடற்றொழிலாளி ஒருவர் இருந்தார். தான் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் என் வாயில் வடிந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டார். அவர் தோளில் ஒரு தழும்பு.

"வலைக்கயிறு இழுத்த தழும்பு தம்பி. துவக்குக் காவினது எண்டுறாங்கள்" என்றார். துப்பாக்கி சுமந்த தழும்பு என்று அவரைப் பிடித்திருக்கிறார்கள்.

அம்மா அழுதுகொண்டு அந்தத் தங்கச்சியிடம் ஓடியிருக்கிறார். அவர் உடனே படங்கள் இருந்த அந்த இணையப் பக்கத்தைக் கலரில் அச்செடுத்திருக்கிறார். "உங்களையும் பிடிச்சா என்ன செய்யிறது பிள்ளை?" என்று அம்மா பயந்திருக்கிறார். "பிடிச்சாப் பிடிக்கட்டும். எனக்குச் சிங்களம் தெரியும், நீங்க வாங்கம்மா" என்று அவரே முகாம் வாசலை நோக்கி முன்னால் நடந்திருக்கிறார். அந்த வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவே ஆட்கள் அஞ்சிய நாட்கள் அவை.

அதிகாரி என்னை வரச்சொன்னார். தங்கச்சி கொடுத்த தாளைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தபடி, உடைந்த தமிழில் கேட்டார்.

"பூனை பேர் என்ன?"

"பணிஸ்" என்றேன்.

சிங்களத்திலும் பணிஸ் பணிஸ்தான். தாளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தாளை என்னிடம் நீட்டி, "போ" என்றார்.

வாசலில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றார். "தம்பி, தோளில தழும்பு இருக்கிற ஒராள் உள்ளுக்கு இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, இருக்கிறார்."

அவர் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தங்கச்சியிடம் கேட்டார்.

"எனக்கும் இப்பிடி ஒண்டு எடுத்துத் தர ஏலாதா பிள்ளை?"

தங்கச்சி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேறு எதுவும் அவரால் செய்ய முடியவில்லை.

அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை என்று பிறகு அறிந்தேன். குற்றம் செய்யாததால் தப்பினாய் என்று இன்றைக்கும் யாராவது எனக்கு ஆறுதல் சொன்னால், குற்றம் செய்யாத இன்னொருவர் அந்தக் கொட்டிலில் என் வாயைத் துடைத்துவிட்டதுதான் நினைவுக்கு வருகிறது.