படப்பிடிப்பு: வலன்ரைன்

"துவக்கைக் காட்டித்தானே அண்ணை உங்களைப் படம் எடுக்கச் சொன்னவங்கள்?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்பிடி எழுதினால் கேஸ் சுகமா முடியும். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுகினம்."

"எல்லாற்றை நெத்தியிலையும் வைச்சவங்களோ? அவ்வளவு துவக்குக்கு ஆமி எங்கை போறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"கமெரா தந்தவங்கள், பிள்ளை. புதுசு. கரண்ட் இல்லாத ஊரிலை பற்றரியும் தந்தவங்கள். நான் ஆசைப்பட்டுத்தான் போனனான். அதை எழுதும்."

"விசா கிடைக்காது."

"கிடைக்காட்டில் போகட்டும்."

இது 1989இல், பாரிசின் மார்க்ஸ் டோர்மோயில் வலன்ரைன் வாடகைக்கு இருந்த அறையில் நடந்தது. அவருடைய அகதி விண்ணப்பத்தை நான் பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கல்யாண வீடியோ எடுத்தவர் அவர். எண்பத்தெட்டில், அமைதிப்படை என்று வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்து வைத்திருந்த இராணுவத்துக்கு ஐந்து படங்கள் எடுத்துக் கொடுத்தார். சனம் சந்தோஷமாக இருக்கிறது என்று காட்டும் படங்கள். ஒன்றில், வெளிச்சம் சரியில்லை என்று, ஒரு கிழவரை ஒரே அரிசிப் பையைச் சிப்பாயின் கையிலிருந்து மூன்று தரம் வாங்க வைத்தார். மூன்றாம் தரம் கிழவர் அழுதார். "அந்தத் துண்டை வெட்டினது நான்தான். அதையும் எழுதும்" என்றார். ஐந்து படங்களின் தொடக்கத்திலும் தன் பெயரைப் போட்டிருந்தார். அந்தப் பெயரைத் தேடி, இராணுவத்தோடு சண்டை பிடித்த இயக்கத்து ஆட்கள் வந்தபோதுதான் பாரிசுக்கு ஓடிவந்தார்.

இங்கே கிழமை நாட்களில் உணவகத்தில் கோப்பை கழுவினார். சனிக்கிழமைகளில் கல்யாண வீடியோ. வர முடியாத உறவுகளுக்காக அந்தக் கசெற்றுகள் ஊருக்கும் கனடாவுக்கும் போகும். அவற்றிலும் முதலில் அவர் பெயர்தான் வரும்.

ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் கடை வைத்திருந்த ஞானசுந்தரம், மகளின் கல்யாணத்துக்கு முதல்நாள் வந்தார்.

"படத்தை நீரே எடும். பெயர் மட்டும் வேண்டாம். ஊரிலை பாக்கிற சனம் காறித் துப்பும்."

"ரீவியிலைதானே துப்புவினம். துடைச்சால் போச்சு. பெயர் இல்லாட்டில் படமும் இல்லை, அண்ணை."

அந்தக் கல்யாணம் கைவிட்டுப் போனது. பிறகு இன்னும் நான்கு. கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். அவர் அதே தெருவில்தான் மீன் வாங்கினார்.

விண்ணப்பத்தை அவர் சொன்னபடியே எழுதி முடித்தேன், கிழவரையும் சேர்த்து. கையெழுத்து வைத்தவர், அதன் கீழிருந்த வெற்றுக் கோட்டில் விரலை வைத்தார்.

"இதிலை என்ன வரும்?"

"மொழிபெயர்த்த ஆளின்ரை பெயர். கட்டாயமில்லை."

எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கோட்டை ஒருநாளும் நிரப்பியதில்லை. இவருக்கு எழுதினேன் என்று தெரிந்தால் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலில் என்ன பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பேனையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்ரை பெயருக்குக் கீழை உம்மடை பெயரையும் போடும், பிள்ளை."