ஹாமாரில் பனி குறைந்த ஞாயிறு

1962 பிப்ரவரி, காலை ஏழு மணி. நார்வேயின் ஹாமார் நகரில் தாதியர் விடுதியிலிருந்து பஸ் ஏறினோம். காசநோய்ப் பராமரிப்புப் பயிற்சிக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர்தான்: சிராங்கூன் ரோட்டில் பிறந்து வளர்ந்த நான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குமாஸ்தா ஒருவரின் மகளும் என்னைவிட மூன்று வயது இளையவளுமான ரோசலின்.

பஸ் கட்டணம் இரண்டு குரோனர். பன்னிரண்டு மைல் தள்ளி, காட்டோரத்தில் பனிச்சறுக்குப் பந்தயம். தூரம் பதினைந்து கிலோமீட்டர். ஐந்து நாளாக மழை. பனி பாதி கரைந்திருந்தது.

“பந்தயம் நடக்குமா?” என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

“பனி உள்ள இடத்தில் சறுக்குங்கள், இல்லாத இடத்தில் நடங்கள்” என்றார்.

வெப்ப நாட்டுக் கால்களுக்கு இது ஆகாது என்று எங்கள் தலைமைத் தாதி சொல்லியிருந்தார். அதனால்தான் இருவரும் பெயர் கொடுத்தோம். சறுக்குப் பலகைகளில் நின்று பழகி இரண்டே மாதம்.

பத்து மணிக்குப் புறப்பாடு. தொடங்கும் இடத்தில் லாரியில் கொண்டுவந்த பனியைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் பனியே தீர்ந்து வெறும் சேறு. எல்லாரும் பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்து, வழுக்குமோ என்று பார்த்துப் பார்த்து நடந்தார்கள். ரோசலின் சிரித்தாள்.

“அக்கா, நம்ம ஊர் மழைத்தண்ணி மாதிரிதான்லா. ஓடுவோம், வாங்க!”

ஓடினோம். பதினொரு பேரை முந்தினோம். மறுபடி பனி வந்ததும் அவர்களில் ஒன்பது பேர் எங்களைக் கடந்து போனார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு, ஒரு சரிவில், பனிக்கடியில் இருந்த கல்லில் தட்டி ரோசலின் விழுந்தாள். வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை, ஆனால் அவளால் ஊன்ற முடியவில்லை. ஒரு மணிக்குப் பிறகு முடிவுக் கோட்டுக்கு வருகிறவர்களின் பெயரைப் பதிய மாட்டார்கள்.

“நீங்க போங்கக்கா. ரெண்டு பேரும் நின்னுட்டா அந்த அம்மா சொன்னது சரின்னு ஆயிடும்.”

“உன்னை இந்தக் குளிர்ல விட்டுட்டா?”

“முன்னாடி ஒரு கொடி தெரியுது பாருங்க. அங்க ஆள் இருப்பாங்க, சொல்லுங்க. சீக்கிரம் போங்க.”

என் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் மேல் போர்த்திவிட்டுப் போனேன். கொடி நட்டிருந்த இடத்தில் இருந்த கிழவர் உடனே சறுக்குவண்டியுடன் கிளம்பினார். நானும் அவருடன் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அவள் சொன்னதால் போனேனா, நானே போக விரும்பியதால் போனேனா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு முடிவுக் கோட்டைக் கடந்தேன். சிலர் கை தட்டினார்கள். பந்தயம் பார்க்க வந்திருந்த தலைமைத் தாதி என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வழியைப் பார்த்தார்.

“இன்னொருத்தி எங்கே?” என்றார்.

அவள் விழுந்ததைச் சொன்னேன். ஒன்று இருபதுக்குச் சறுக்குவண்டி வந்தது. ரோசலின் என் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு, “முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“முடிச்சிட்டேன்.”

“அப்ப சரிலா” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்டில் சிங்கப்பூர் திரும்பினோம். இங்கே குளிர் இல்லை, சரிவு இல்லை. இருவருக்கும் ஒரே வார்டு, இரண்டாம் மாடியில். ரோசலின் இன்னும் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகத்தான் ஏறுகிறாள். வேலை தொடங்கும் மணி அடிக்கப் போகிறதென்றாலும் நான் அவளை முந்துவதில்லை.