போர்டு சின்னையாவின் ரோடு

“அண்ணே, ஒரு நிமிசம். இது ஏன் ஸ்ட்ரீட்டு?”

ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஈப்போ ஹியூ லோ ஸ்ட்ரீட்டின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தபடி, வழியே போகிறவரை மறித்துக் கேட்கிறார் சின்னையா. மாட்டிக்கொண்டவர் நீதிமன்றக் குமாஸ்தா. அவருக்கு அவசரம்.

“ஸ்ட்ரீட்டுன்னா ஸ்ட்ரீட்டுதான்யா. விடுங்க.”

“அப்ப பிரூஸ்டர் ரோடு ஏன் ரோடு? அங்கேயும் கடை இருக்கு, இங்கேயும் கடை இருக்கு. அங்க ஓடுற ரிக்‌ஷாதான் இங்கேயும் ஓடுது. பேரு மட்டும் ஏன் ரெண்டு?”

குமாஸ்தா குடையை விரித்து, அதற்குள் மறைந்து நடையைக் கட்டுகிறார். சின்னையாவுக்குக் கோபமில்லை. அடுத்த ஆளைத் தேடுகிறார்.

கடைப் பலகை எழுதுவது அவர் தொழில். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம், காதில் செருகிய தூரிகை, எத்தனை முறை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் வெளுப்பு நீங்காத நகக்கண்கள். வேலை தொடங்க நல்ல நேரம் பார்ப்பதில்லை, வெயில் பார்ப்பார். “ராகு காலத்துல பூசினாலும் வெயில் அடிச்சா காயும்” என்பது அவர் சாத்திரம். தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கிலம் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஈப்போவில் அவர் எழுதிய ஆங்கிலப் பலகைகள் நூற்றுக்கு மேல் தொங்குகின்றன. காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, சித்திரம் போல வரைந்துவிடுவார்.

முன்னொரு காலத்தில் கோப்பெங்கில் ஓர் அடகுக்கடைக்கு எழுதும்போது காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். ஒரு பகல் முழுதும் உழைத்து, நிழல் கொடுத்து, ஓரத்தில் பொன்கோடும் போட்டு முடித்தார். அழகான எழுத்து. ஆனால் தலையால் நின்றுகொண்டு படிக்கவேண்டும். கடைக்காரச் சீனர் சிரித்தார். பிறகு கோப்பெங்கே சிரித்தது. அன்றிலிருந்து ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் தூரிகையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். பொருளைக் கேட்கப் போனவருக்குக் கேள்வியே பழக்கமாகிவிட்டது.

இந்த ஸ்ட்ரீட், ரோடு விவகாரத்துக்கு அவரிடம் சேர்ந்திருக்கும் விடைகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம். இரண்டு பக்கமும் வீடு இருந்தால் ஸ்ட்ரீட், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனால் ரோடு என்றார் பள்ளிக்கூட வாத்தியார். “ஸ்ட்ரீட்டுன்னா கதவத் தட்டணும், ரோடுன்னா சைக்கிள் மிதிக்கணும்” என்றார் தபால்காரர். தேநீர்க்கடை பக்கீர் முகம்மதுக்கு இந்த ஆராய்ச்சியே பிடிக்கவில்லை.

“வெள்ளக்காரனுக்கு வேற வேல இல்ல மச்சான். மலாய்க்காரனப் பாருங்க. ஸ்ட்ரீட்டும் ஜாலான், ரோடும் ஜாலான். நடக்குறதுக்கும் ஜாலான்னுதான் சொல்றான். நடந்தா ஜாலான்லா, முடிஞ்சிச்சு!”

சின்னையா குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார். “அப்ப நடக்குறவன்தான் ரோடு?”

“டீ ஆறுது, குடிங்க.”

அதன்பின் இரண்டு நாள் அவர் வேறு எதையும் பேசவில்லை. இதெல்லாம் வேலையற்ற வேடிக்கை என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலகை வேலையாகச் சுங்கை சிப்புட்டுக்குப் போன அவருக்குத் துணையாகப் போனபோது அந்த எண்ணம் மாறியது.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டம். பெரிய சாலையிலிருந்து பிரியும் செம்மண் வழி ஒன்று அந்தத் தோட்டத்தை ஊடுருவி, கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களைத் தொட்டுக்கொண்டு, ஆற்றங்கரையில் கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமத்துக்குப் போகிறது. முகப்பில் கனத்த மரப்பலகை: ‘ரிவர் ரோடு’. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சின்னையாவே எழுதியது. அன்றைக்கு இருந்த துரைக்குத் தன் தோட்டத்தின் ஊடே ஒரு ‘ரோடு’ இருப்பதில் பெருமை. இன்றைய துரைக்கோ அது கண்ணில் விழுந்த தூசி.

அந்தத் தூசியில் முக்கியமானவன் இராமசாமி. அவனும் மனைவி வீரம்மாவும் அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். மூன்று மாதங்களுக்கு முன், துரை எதிரே வந்தபோது அவன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அதுதான் குற்றம். ஒரு மனிதன் வருகிறான் என்பதற்காக இன்னொரு மனிதன் வண்டியை விட்டு இறங்கி, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? தோட்டத்தில் அது எழுதாமலே நடக்கிறது. அன்று மாலையே அவனுக்குச் சீட்டுக் கிழித்து, தோட்டத்து மண்ணை மிதித்தால் போலீஸ் என்றும் சொல்லிவிட்டார்கள். இப்போது கோப்பெங் ஈயச் சுரங்கத்தில் மண் வெட்டுகிறான். வீரம்மாவுக்கு இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை; அங்கே இடம் கிடைக்கும்வரை லயத்தை விட முடியாது.

ஆனால் ரோடு தோட்டத்து மண் இல்லையே! ஞாயிறுதோறும் அவன் வருகிறான். லயத்துக்குள் நுழையாமல் செம்மண் வழியின் நடுவில் நிற்கிறான். வீரம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். ஒரு மணி நேரம் நின்றபடியே குடும்பம் நடத்துகிறார்கள்.

நாங்கள் போனபோதும் அப்படித்தான் நின்றார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சதாசிவம் பலகைக்குக் கீழே காத்திருந்தார்.

“வாரும் சின்னையா. பெரிய வேலை இல்ல. மேல இருக்கிற ரிவர் அப்படியே இருக்கட்டும். கீழே இருக்கிற ரோடை அழிச்சிட்டு ‘பாத்’துன்னு போடணும். நாலெழுத்துக்கு நாலெழுத்து. இன்னைக்கே முடிக்கணும்.” காகிதத்தை நீட்டினார்.

சின்னையா ஏணியைச் சாத்தினார். ஏறவில்லை.

“ரோடுக்கும் பாத்துக்கும் என்ன வித்தியாசம் கிராணியாரே?”

“ஒரு வித்தியாசமும் இல்லப்பா. ரெண்டும் வழிதான்.”

“வித்தியாசம் இல்லேன்னா இந்த வெயில்ல என்னை எதுக்கு ஏத்துறீங்க?”

“தொரை சொன்னாரு, எழுது.”

“தொரை சொன்னது சரி. எதுக்குச் சொன்னாரு?”

வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருந்த கிராணிக்குப் பொறுமை போய்விட்டது. “நாளைக்கு நில இலாகா ஆபீசர் பாக்க வாராருய்யா! ரோடுன்னு இருந்தா கண்ட பயலும் நடப்பான், நாம ஒண்ணும் கேக்க முடியாது. பாத்துன்னா தோட்டத்துக்குள்ள இருக்கிற நடைவழி. நம்ம சொந்தம். இரும்புக் கேட்டுப் போட்டுப் பூட்டலாம். போதுமா?”

சொல்லி முடித்த பிறகுதான், பத்தடி தள்ளி நிற்கும் இராமசாமி அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

வீரம்மா குழந்தையை மாற்று இடுப்புக்குக் கொண்டுபோனாள். “ஏங்க, பூட்டிட்டா நீங்க எங்கிட்டு நிப்பீங்க?” என்று கணவனைக் கேட்டாள்.

சின்னையா காகிதத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“கிராணியாரே, முதல் எழுத்தப் பாருங்க. பலகையில இருக்கிறதுக்கு ஒரு கால் நீட்டிக்கிட்டு நிக்குது. உங்க காகிதத்துல இருக்கிறதுக்கு அந்தக் கால் இல்ல. மண்டையெல்லாம் ஒண்ணுதான். ஆக, காலை வெட்டச் சொல்றீங்க.”

வீரம்மா அந்த நிலையிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். கிராணியின் முகம் சிவந்தது.

“இங்கிலீசு தெரியாத உனக்கு இவ்வளவு வாயா?”

“தெரியாததாலதானே கேக்குறேன். சரி, எழுதுறேன். ரோடை அழிச்சிப் பாத்துன்னு மாத்தச் சொன்னது தொரைதான்னு இந்தக் காகிதத்துலயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கியாங்க. நாளைக்கு அந்த ஆபீசர் கேட்டா நான் காட்டணும்ல?”

கிராணி காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். “தொரையையே கூட்டியாரேன். இங்கேயே நில்லு.”

செம்மண் புழுதி அடங்கியது. முதலில் பேசியவன் இராமசாமிதான். “அண்ணே, உங்களுக்கு எதுக்குப் பொல்லாப்பு? நீங்க போயிருங்க. நீங்க எழுதலேன்னா வேற ஆள் எழுதத்தான் போறான்.”

“எழுதட்டும். அழிச்சிட்டு எழுத முடியாம பண்ணிட்டுப் போறேன்.”

பையைத் துழாவி ஓர் உளியையும் சிறு சுத்தியலையும் எடுத்தார். நிறத்தை மழை தின்றாலும் எழுத்து நிற்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு, மரத்தில் எழுத்தைக் குடைந்துவிட்டுத்தான் நிறம் பூசுவார். அப்படிக் குடைந்ததன் மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும்.

“பலகையையே புடுங்கிப் போட்டாங்கன்னா?” என்றாள் வீரம்மா.

“புடுங்கட்டும் தாயி. பன்னெண்டு வருசம் பலகைக் கால் நின்ன குழி ஒரு ராத்திரியில மூடுமா? இங்க என்ன இருந்துச்சுன்னு ஆபீசர் கேப்பாரு. நீங்களும் கம்பத்துக்காரங்களும் சொல்லுங்க.”

ஏணியை ரோட்டின் மேல் அகல ஊன்றி ஏறினார். முதல் எழுத்தின் அந்த நீட்டிய காலில் உளியை வைத்து விரற்கடை ஆழத்துக்கு இறக்கினார். மரத்தூள் இராமசாமியின் தோளில் உதிர்ந்தது. அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது எழுத்து, மூன்றாவது எழுத்து. ஆற்றங்கரைப் பக்கமிருந்து வந்த இரண்டு மலாய்க்காரர்கள் வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசி எழுத்தில் பாதி இருக்கும்போது துரையின் மோட்டார் கார் வந்து ஏணிக்குப் பின்னால் நின்றது. அகல ஊன்றிய ஏணியைச் சுற்றிப் போக இடமில்லை. ஹாரன் அடித்தது. மறுபடியும், இந்தமுறை நீளமாக. வீரம்மா குழந்தையின் காதைப் பொத்தினாள். இராமசாமி ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

சின்னையா திரும்பிப் பார்க்கவில்லை. சுத்தியலை வாயில் கவ்விக்கொண்டு, வெள்ளை நகக்கண்கள் தெரிய இடக்கையைப் பின்னால் நீட்டி, விரித்த உள்ளங்கையைக் காருக்குக் காட்டினார். வலக்கையில் இருந்த உளி, எழுத்தின் மிச்ச வளைவை அழுத்திச் சுரண்டிக்கொண்டிருந்தது.