மழைக்குப் பூட்டிய கண்ணாடி

மாலை நாலரை மணிக்குக் கிண்ணியாத் துறையில் மழை பிடித்தது. காரில் என்னோடு இருந்த மகளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "பிள்ளையை நனைய விடாதேங்கோ" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கார்க் கண்ணாடிகளை இறுக்கப் பூட்டினேன்.

இஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைக்கும் கஸ்கட் முன்பே எரிந்துபோயிருந்தது. இறக்குமதித் தடையால் என் பழைய காருக்குப் புதியது கிடைக்கவில்லை. தடித்த மட்டையில் நானே ஒன்று வெட்டிப் போட்டிருந்தேன். வழியிலேயே அதுவும் எரிந்து, பழைய படபடவென்ற சத்தம் திரும்ப வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விட்டேன். பற்றறி பலவீனம் என்பதால், வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையான பாதை வரும்வரை இஞ்சினையும் நிறுத்தவில்லை.

"அப்பா, தலை இடிக்குது."

"தடிமனுக்குத்தான். கொஞ்சம் படு பிள்ளை."

படுத்தாள். நித்திரை நல்லதென்று நினைத்தேன். பாதை வந்தபோது கியரைப் போட என் கை எழவில்லை.

பின்னால் நின்ற லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக் களைத்து, ஏசுவதற்கு வந்து கதவைத் திறந்தார். "என்ன ஐயா, படுக்கவா வந்தீங்க?" என்றவர், புகை மணத்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெட்ட வெளியில் கிடத்தினார். மழை முகத்தில் அடித்தும் அவள் அசையவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகே வயிற்றில் கிடந்ததையெல்லாம் சத்தி எடுத்தாள்.

இப்போது கஸ்கட் சரியில்லாமல் காரை எடுப்பதில்லை. காத்து நிற்கும்போது இஞ்சின் ஓடுவதில்லை. மழையென்றாலும் கண்ணாடி திறந்தே இருக்கும். இதை எழுதும்போதும் எழுந்துபோய் அவளுடைய மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக, என்ன நடந்ததென்று தெரியாமல் வந்தவர் என் மனைவி. மகளின் ஈரத் தலையைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளையை நனைய விட்டனீங்கள்?"