பூனை சார் அன்பாகச் சொன்னது

என் அக்கா ஒரு தொட்டாச்சிணுங்கி. யாராவது முகத்தைச் சுளித்தாலே இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவள்தான் வீட்டிலேயே கேக் செய்து விற்கக் கிளம்பினாள். வகுப்புக்குப் போய்ப் படிக்க வசதியில்லை. முகநூலில் கேக் செய்கிறவர்களின் குழு ஒன்று இருந்தது. செய்ததைப் படம் பிடித்துப் போட்டால், வேலை தெரிந்தவர்கள் குறையைச் சொல்வார்கள். அக்கா போட்ட முதல் படத்துக்கு, "இது திங்கவா, வீடு கட்டவா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அன்றைக்கே ஓவனைத் துணி போட்டு மூடிவிட்டாள்.

மாமா, அதாவது அவள் கணவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜனங்களிடம் திட்டு வாங்கியே பழகியவர். இனிமேல் நீ அந்தப் பக்கமே போகாதே, என் போனில் நான் போட்டு, நானே படித்துச் சொல்கிறேன் என்றார். அதிலிருந்து சாயங்காலமானால் சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொள்வார். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பாள். "ஒருத்தர் அன்பா சொல்றாரும்மா" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார்.

அதிலும் பூனைப் படம் வைத்திருந்த ஒருவர்மேல் அக்காவுக்குத் தனி மரியாதை. கேக் நடுவில் குழி விழுந்தபோது, பாதியில் ஓவன் கதவைத் திறக்கக் கூடாது என்று பூனை சார் பொறுமையாகச் சொன்னாராம். க்ரீம் உருகி வழிந்தபோது, கேக் நன்றாக ஆறிய பிறகு தடவச் சொன்னாராம். அக்கா அப்படியே செய்வாள், சரியாக வரும். தங்கமான மனுஷன் என்று என்னிடம் மாய்ந்து மாய்ந்து சொல்வாள். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

போன வருஷம் மாமா போய்விட்டார். கடைக்குப் போய்வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

பூனை சாருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று அக்கா முதல் தடவையாக அந்தப் போனைத் திறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். "பொறுமை கெட்ட ஜென்மம். பாதியில கதவைத் திறந்து எட்டிப் பார்த்தா குழி விழாம என்ன செய்யும்?" "ஆறுறதுக்குள்ள க்ரீமைப் பூசியாச்சு. மூளையும் சேர்ந்து உருகிடுச்சா?" எல்லாம் பூனை சார்தான்.

"எல்லாம் பொய்யாடி?" என்றாள் அக்கா. "ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கு. இவரு உட்கார்ந்து கதை சொல்லியிருக்காரு." மறுபடியும் ஓவனைத் துணி போட்டு மூடிவிட்டாள். வந்த ஆர்டரையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எனக்குப் பூனைமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கையில் கிடைத்திருந்தால் மாவோடு சேர்த்துப் பிசைந்திருப்பேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்று ஒருநாள் போனை எடுத்தேன். ஒவ்வொரு திட்டுக்கும் கீழே மாமா எழுதியிருந்தார்: "நன்றி சார். அவகிட்ட சொல்லிட்டேன்." ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் நீளம்: "சார், தப்பை நீங்கதான் சரியா கண்டுபிடிக்கிறீங்க. திட்டுறதா இருந்தா எனக்குத் தனியா அனுப்புங்க. அவ என்னைக்காவது பார்த்துட்டா தாங்க மாட்டா."

அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அடுத்த வாரம் ஓவன்மேல் கிடந்த துணியை எடுத்தாள். கேக்கின் மேற்புறம் வெடித்துவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல், மாமாவின் போனிலிருந்து அவளே படம் போட்டாள். பூனை உடனே வந்துவிட்டது. "பாளம் பாளமா வெடிச்சிருக்கு, கண்ணு அவிஞ்சு போச்சா? எங்க நம்ம நன்றி சார், ரொம்ப நாளா காணோம்?"

 அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்: "அவர் இறந்துட்டார். இனிமே நான்தான் படிக்கணும்."

 பூனையிடமிருந்து பதில் வந்தது: "மன்னிச்சிடுங்கம்மா. சூடு அதிகம், கொஞ்சம் குறைச்சு வைங்க. பொறுமையா செஞ்சா நல்லா வரும்."

அக்கா அதை இரண்டு தரம் படித்தாள்.

"மாமா சொல்ற மாதிரியே பேசுறாருடி" என்றாள். "கேக்கத்தான் அவரு இல்ல."