எமலிங்கம் எந்தத் திசை?

எங்கள் ஊர் கேபிள் டிவியின் நேரலைப் போட்டிக்கு இன்றுதான் முதல் முறையாக நான் 'பொருத்துக' கேள்வி தயாரித்தேன். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்கள் ஒரு பக்கம், அவை இருக்கும் திசைகள் மறுபக்கம்.

திசைகளை மாற்றிப் போட மறந்துவிட்டேன். திரையில் எமலிங்கத்துக்கு நேராகவே தெற்கு! வேலை போயிற்று என்று நினைத்தேன்.

முதல் போன் வந்தது.

"எமலிங்கம் பக்கத்துலதாங்க எங்க வீடு. விடை மேற்கு."

போட்டி நடத்தும் முதலாளி அண்ணன் திகைத்துப்போனார். "தெற்கு இல்லைங்களா?"

"தெற்குதாங்க. ஆனா விடைய யாராவது நேராவே குடுப்பாங்களா? எங்கள ஏமாத்தப் பாக்கறீங்களா?"

அதன்பின் பேசிய ஒருவர்கூடத் தெற்கு என்று சொல்லவில்லை!

அண்ணன் என்னிடம் வந்தார். "போன் நிக்கவே இல்லம்மா. அடுத்த வாரமும் நீயே கேள்வி போடு."

நான் எட்டாவதோடு நின்றவள். பரீட்சையெல்லாம் எழுதி முடித்தவர்கள் சொல்லுங்கள், நேராக இருந்தால் நம்பவே கூடாதா?