தினைக்கொத்து இறங்காது

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அடிவாரத்திலிருந்து மலையேறி வந்த நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரைச் "சாந்தமே உருவானவர், யார் மனமும் நோகப் பேசாதவர்" என்று எழுதுவது வழக்கமாம். அச்சகத்துக்காரர் அந்த வரியை எழுத்துக் கோத்துத் தயாராகவே வைத்திருந்தார். வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டேன். அக்கா சாந்தமானவர் அல்லர். அவரால் மனம் நொந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களில் பலர் அவர் கையால் ஆரஞ்சுப் பழம் வாங்கித் தின்றவர்களும்கூட. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வளப்பூர் நாட்டில், நாங்கள் இன்றும் குடியிருக்கும் இதே வீட்டில். அவருக்கு நினைவு தெரிந்த பிறகுதான் நான் பிறந்தேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது மலையில் காய்ச்சல் பரவியது. அந்தச் சமயத்தில் மருந்து கொடுத்த வெள்ளைக்காரத் துரையும் அவர் மனைவியும் நடத்திய ஜெபக்கூட்டத்துக்கு அப்பா போகத் தொடங்கினார். பிறகு குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டராக இருந்தவர் அப்பாவின் உடன்பிறந்த அண்ணன், எங்கள் பெரியப்பா. தம்பி கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததை அவர் கடைசிவரை பொறுக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தினை அறுப்பு முடிந்ததும் ஊர்க்கவுண்டர் முதல் கதிர்களைக் கொத்தாகக் கட்டி, வீட்டுக்கு ஒன்றாகத் தம் கையாலேயே கொடுப்பார். வாங்கியவர்கள் அதை வாசல் நிலையில் கட்டுவார்கள். கொத்துத் தொங்கினால் அந்த வீடு ஊரைச் சேர்ந்த வீடு. ஒரு முறை கொடுத்த கொத்தைக் கொடுத்த கை திரும்ப வாங்கக் கூடாது. அப்பா ஞானஸ்நானம் பெற்ற ஆண்டிலிருந்து எங்கள் வாசலுக்குக் கொத்து வரவில்லை. அதற்கு முந்தின ஆண்டு வந்ததுதான் கடைசி. அதை அம்மா அடுப்புக்கு மேலே, விதைக்கதிர் காய வைக்கும் இடத்தில், புகைபடக் கட்டி வைத்தார். சில ஆண்டுகளில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். வீடும், காடும், நானும், அந்தக் கொத்தும் அக்காவுக்கு மிஞ்சினோம்.

அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். ஊரில் கேட்டவர்கள் வேதத்தை விடச் சொன்னார்கள். சபையில் கேட்டவர்கள் மலையை விட்டு இறங்கி வரச் சொன்னார்கள். "எதையும் உட முடியாதுங்க" என்று இரண்டு தரப்புக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டார். காட்டில் தினையும் சாமையும் விதைத்து, மிளகு பறித்து, என்னைப் படிக்க வைத்து, சபைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆக்கினார். இதற்காக நான் அவர் காலில் விழுந்து நன்றி சொல்லியிருந்தால், "எழுந்திரு கண்ணு, அடுப்பு அணையுது" என்றுதான் சொல்லியிருப்பார்.

இனி கிறிஸ்துமஸ் சோடனைக்கு வருகிறேன். அக்காவை அறிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

அவர் சோடனைக்கு எதையும் புதிதாக வாங்கியதில்லை. அப்பா நட்ட ஆரஞ்சு மரத்திலிருந்து ஒரு கிளையைக் காயோடு வெட்டி வந்து, அம்மாவின் பழைய குடத்தில் மண் போட்டு நிறுத்துவார். கிளையில் அம்மாவின் பாசிமணிச் சரம் சுற்றியிருக்கும். வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன கண்ணாடிக் குண்டுகள் சில எங்களிடம் இருந்தன. ஆண்டு முழுவதும் சாமை உமிக்குள் புதைத்து வைத்திருந்து அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியே எடுப்பார். ஒன்று விரிசல் விட்டது. விரிசலைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தொங்கவிடுவார். அப்பா தானியம் சேமித்து வைத்த தொம்பைக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைப்பார். மூங்கிலில் அப்பா செய்த நட்சத்திரச் சட்டத்துக்கு ஒட்டுப்போட்ட பழைய வேட்டித்துணியைக் கட்டி உள்ளே விளக்கு வைப்பார். எல்லாவற்றுக்கும் கடைசியாக, அடுப்புக்கு மேலிருந்து அந்தத் தினைக்கொத்தை இறக்கி, கரி தட்டி, வாசல் நிலையில் கட்டுவார். அது கட்டியான பிறகுதான் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ்.

அக்கா, போனவர்களை எல்லாம் அன்றைக்கு வீட்டுக்கு வரவழைத்தார். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் கொத்தில் அவர் ஒரு கதிரைக்கூடப் புதிதாகச் சேர்த்ததில்லை. எங்கள் காட்டிலேயே தினை விளைந்து கிடந்தது. உதிர்ந்த இடத்தில் நாலு கதிர் செருகினால் என்ன என்று கேட்டேன். "அது அப்பனுக்கு ஊரு குடுத்தது. நானாச் செருகினா எனக்கு நானே குடுத்துக்கிட்ட மாதிரி ஆயிப்போகும் சாமி" என்றார். வேதத்தில் சேர்ந்தாலும் தான் ஊரை விட்டுப் போய்விடவில்லை என்பதே அவர் வழக்கு. அந்தக் கொத்துதான் அவருக்குச் சாட்சி.

சபைக்குப் புதிதாக வந்த உபதேசியார் சமவெளிக்காரர். எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரி வண்ணக் காகிதச் சங்கிலி கட்டவேண்டும் என்பது அவர் விருப்பம். எங்கள் வாசலைப் பார்த்து முகம் சுளித்தார். அதே சமயத்தில் பெரியப்பாவுக்கும் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா முக்காலிமேல் நின்று கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா குரலை உயர்த்தினார். "ஏம்புள்ள, அதை எறக்கு. ஊர உட்டுப் போன ஊட்டுல ஊருக் கதிரு எதுக்கு?"

"ஊர உட்டு எங்கீங்க பெரியப்பா போனேன்? நீங்க கூப்புட்டாக் கேக்கற தூரத்துலதான இருக்கறேன்."

உபதேசியார் முன்னால் வந்தார். "அம்மா, பெரியவர் சொல்வது சரி. அது அஞ்ஞானிகள் தங்கள் சாமிக்கு முன்னால் வைத்து எடுத்த கதிர். இயேசு பாலகன் பிறந்த நாளில் அது வாசலில் தொங்கலாமா?"

பெரியப்பா சட்டென்று திரும்பினார். "யாருங்க அஞ்ஞானி?"

"நான் உங்களைச் சொல்லவில்லை ஐயா."

"பின்ன எங்க சாமியச் சொன்னீங்களா?"

இருவரும் முற்றத்திலேயே வழக்காடத் தொடங்கிவிட்டார்கள். அக்கா அவசரப்படாமல் முடிச்சை இறுக்கினார். பிறகு மேலிருந்தபடியே சொன்னார்: "ரெண்டு பேரும் மொதல்ல பேசி முடிச்சுக்குங்க. ஏன் எறக்கோணும்னு ரெண்டு பேரும் ஒரே காரணஞ் சொன்னீங்கன்னா எறக்கறனுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முக்காலி ஆடியது. அக்கா என்னை முறைத்துவிட்டுக் கீழே இறங்கினார். உபதேசியாரைப் பார்த்து, "நட்சத்திரத்தப் பாத்து வந்தவங்க பொன்னு கொண்டாந்தாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. எங்கப்பங்கிட்ட தெனைதானுங்க இருந்துச்சு" என்றார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பினார். "பெரியப்பா, இது உங்க தம்பிக்கு நீங்க உங்க கையால குடுத்தது. வேண்டாம்னா அந்தக் கையாலயே அவுத்துக்குங்க. முக்காலி இந்தா இருக்குது."

கொடுத்த கை திரும்ப வாங்கக் கூடாது என்பது ஊருக்கே பெரியப்பா சொல்லும் சட்டம். அவர் கொத்தைப் பார்த்தார், கையைத் தூக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உபதேசியாரும் மறுபக்கமாக இறங்கிப் போனார்.

தண்டனை இரண்டு பக்கமிருந்தும் வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு உபதேசியார் எங்கள் வீட்டு ஜெபத்துக்கு வரவில்லை. அக்காவே ஜெபம் செய்தார். சுருக்கமாகவும் நன்றாகவும் செய்தார். ஊரில் ஒருவர் காட்டு அறுப்புக்கு ஒருவர் போய் உதவுவது முறை. எங்கள் காட்டுக்கு யாரும் போகக் கூடாது என்று பெரியப்பா கட்டுப்பாடு போட்டார். அடுத்த அறுப்பை நாங்கள் இருவரே செய்தோம். பாதிக் கதிரைக் கிளி தின்றுவிட்டது. ஒரு நாள் அக்கா வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவரைக் கல் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவருக்கு வலித்தது. பெரியப்பா அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அது அக்கா பிறந்து வளர்ந்த ஊர். அந்த ஊர் அவர் காட்டு வரப்பைத் தாண்டி வரவில்லை. அழுது முடித்ததும் முகம் துடைத்துக்கொண்டு, "இந்த வருசம் இன்னுங் கொஞ்சம் தாழக் கட்டோணும் கண்ணு" என்றார்.

அப்படியே கட்டினார். யார் உள்ளே வந்தாலும் குனியாமல் வரமுடியாத உயரத்தில் கட்டினார். கேட்டவர்களிடம், "எனக்குக் கை எட்டலீங்க" என்று கூசாமல் பொய் சொன்னார்.

பிறகு யுத்தம் வந்தது. வண்ணக் காகிதம் அடிவாரத்திலேயே கிடைக்கவில்லை. சபை வீடுகள் எல்லாம் வெறிச்சென்று கிடந்தன. அக்காவின் வீட்டுக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. பிள்ளைகள் வந்தார்கள், அவர்களைத் தேடுகிற சாக்கில் தாய்மார்கள் வந்தார்கள். கண்ணாடிக் குண்டைப் பார்க்க என்று ஊர்ப் பெண்களும் வந்தார்கள். கடைசியில் உபதேசியாரும் வந்தார். உயரமான மனிதர், நன்றாகவே குனிந்தார். அக்கா அவருக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர் ஜெபம் மிகவும் நீளமாக இருந்தது. பெரியப்பா மட்டும் வராமலே கண்ணை மூடினார். அவருக்குப் பின் அவர் மகன், எங்கள் அண்ணன், ஊர்க்கவுண்டர் ஆனார். ஆனாலும் எங்கள் வாசலுக்குக் கொத்து வரவில்லை.

சென்ற மார்கழியில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூங்கில் கம்பில் துணித்தொட்டில் கட்டி அடிவாரத்துக்குத் தூக்கிப்போய் வைத்தியம் பார்த்தோம். பயன் இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார். பாயில் படுத்தபடியே என்னைச் சோடிக்க வைத்தார். விரிசல் குண்டைத் திருப்பித் தொங்கவிட மறந்தேன். அதையும் கண்டுபிடித்துத் திருத்தினார். கொத்தைக் கட்டும்போது, "தாழ... இன்னும் தாழ" என்றார். அதுவே அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை.

அடக்கத்தன்று அண்ணன் வந்தார். கையில் புதுத் தினைக்கொத்து, பச்சை நாரில் கட்டியது. "இந்தா கண்ணு. உங்க ஊட்டுக் கொத்து" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "நேத்து வந்திருந்தா அக்கா பாத்திருக்குமுங்களே அண்ணா" என்றேன்.

அவர் தலைகுனிந்தார். "அப்பனே சாகறப்பச் சொல்லுச்சு, குடுத்துருன்னு. நாந்தான் ஊருக்குப் பயந்துட்டேன்."

கொத்தை இரண்டு கையாலும் வாங்கினேன். வாசலில் கட்டவில்லை. பெட்டிக்குள் அக்காவின் கையணைப்பில் வைத்தேன். எனக்குக் கொடுத்தது அல்ல அது, அவருக்கு வரவேண்டியது. வேதப்புத்தகத்தோடு தலைமாட்டில் நின்ற உபதேசியார் வாயைத் திறந்தார். அக்கா பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தேன். அவர் வேதப்புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார்.

அக்காவைத் தொட்டிலில் தூக்கிய ஊர் இளைஞர்களுக்கும், மண்ணெண்ணெய் கிடைக்காத நாளிலும் நட்சத்திர விளக்குக்கென்று ஒரு புட்டி எடுத்துவைத்துக் கொடுத்த அடிவாரத்து ராவுத்தருக்கும், கூழ் காய்ச்சி எனக்கு ஊட்டிய அண்ணிக்கும், பிந்தியாவது வந்த அண்ணனுக்கும், நல்லபடியாக அடக்கம் செய்துகொடுத்த உபதேசியாருக்கும் என் நன்றி. கடைசிவரை வராதவர்களுக்கும் நன்றி சொல்லவேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் அக்காவுக்கு இத்தனை பிடிவாதம் வந்திருக்காது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வீடு சோடித்திருக்கிறேன். அதே கிளை, அதே பாசி, அதே விரிசல் குண்டு. வாசலில் அப்பாவுக்கு ஊர் கொடுத்த அந்தப் பழைய கொத்து, மணி உதிர்ந்து முக்கால்வாசி வெறும் காம்புதான். எல்லோரும் வாருங்கள், ஆரஞ்சுப் பழம் இருக்கிறது. உள்ளே வரும்போது தலையைக் குனிந்து வாருங்கள். உயர்த்திக் கட்டச் சொல்லி என்னிடம் கேட்கவேண்டாம்; எனக்கும் கை எட்டாது.